இருநூறு மக், இருநூறு முகம்: போட்டோ கிஃப்ட் தொழிலில் தனித்தனி ஆர்டரை மொத்தமாகச் செய்ய முழுமையான வழிகாட்டி

இருநூறு மக்கில் ஒரே கம்பெனி லோகோ போட்டுத் தரச் சொன்னால் எந்தக் கடையும் தயங்காது. ஒரு டிசைன், ஒரு ஒப்புதல், அப்புறம் மக்கைச் சூடாக அழுத்தும் பிரஸ்ஸில் போட்டு எடுக்கிற வேலைதான். பள்ளி ஆண்டு விழாவுக்கு இருநூறு பிள்ளைகள், ஒவ்வொரு மக்கிலும் அந்தந்தப் பிள்ளையின் படமும் பெயரும் வேண்டும் என்று கேட்டால் கதையே வேறு. சிலர் விலையை இரட்டிப்பாக்கி ஆர்டரை இழப்பார்கள். சிலர் பழைய விலைக்கே ஒப்புக்கொண்டு, விடிய விடிய போட்டோஷாப்பில் ஒவ்வொன்றாகப் பெயர் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டும் வேண்டாம். இந்தத் தொழிலில் பிழைக்க ஒரு விதி போதும்: வித்தியாசம் முழுக்க ஃபைலுக்குள் இருக்க வேண்டும், கை படுகிற வேலை எல்லா மக்குக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

இது வெளிநாட்டுச் சரக்கும் இல்லை. சிவகாசித் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் வெளியாகும். கடைக்காரர் அதில் முருகனையோ லட்சுமியையோ தேர்ந்தெடுப்பார். படம் ஆயிரக்கணக்கில் ஆஃப்செட்டில் ஓடும், தேதித் தாள் கட்டு எல்லாருக்கும் ஒன்றே. கடைப் பெயரும் முகவரியும் மட்டும் கடைசியில் ஏறும். வாங்குகிறவருக்கு அது 'நம்ம கடைக் காலண்டர்'. அச்சகத்துக்கு அது மொத்த வேலை. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஷட்டர்ஃபிளை, ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் இருக்கும் செவே என்ற போட்டோ அச்சு நிறுவனங்கள் செய்வது இதன் அடுத்த கட்டம். காலண்டரில் கடைக்குக் கடை மாறுவது, அங்கே பிரதிக்குப் பிரதி மாறுகிறது. ஒரு மக் பிரஸ்ஸும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற சின்னக் கடையும் அதே முறையில் வேலை செய்யலாம்.

படி 1: எதெல்லாம் மாறலாம் என்று முதலில் வரம்பு கட்டுங்கள்

'எப்படி வேண்டுமானாலும் செய்து தருகிறோம்' என்ற போர்டு கடைக்கு வெளியே அழகாக இருக்கும். உள்ளே அதுதான் நஷ்டக் கணக்கு. மாறுவதற்கு மூன்று இடம் போதும்: ஒரு படம், ஒரு பெயர், ஒரு சின்ன வரி. படத்தின் அளவு, இடம், ஃபாண்ட், பின்னணி எல்லாம் டெம்ப்ளேட்டில், அதாவது முன்கூட்டியே செய்து வைத்த டிசைனில், பூட்டியிருக்க வேண்டும்.

பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து, பள்ளி, அலுவலகம் என்று வகைக்கு மூன்று நான்கு டெம்ப்ளேட் வைத்தால் ஆல்பம் நிறைந்துவிடும். ஒவ்வொன்றையும் மிகச் சின்னப் பெயர், மிக நீளமான பெயர் இரண்டையும் போட்டுச் சோதியுங்கள். 'உமா' அழகாக உட்காருகிற இடத்தில் 'சிவசுப்பிரமணியன்' உட்காராது. பெயர்ப் பெட்டியின் அகலத்தை நீளமான பெயருக்கு வைத்துவிட்டு, சின்னப் பெயரை நடுவில் நிறுத்துவதே சரி. பெயருக்குப் பெயர் எழுத்தளவை மாற்றினால் ஒரே வகுப்புப் பிள்ளைகளின் மக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அசிங்கமாகத் தெரியும்.

பொருளிலும் அடக்கம் வேண்டும். ஆரம்பத்தில் 11 அவுன்ஸ் வெள்ளை மக் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட், குஷன், கீ செயின், மொபைல் கவர் எல்லாம் ஒரே மாதத்தில் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வெப்பம், தனி நேரம், தனிக் கழிவு.

படி 2: பிளாங்க் மக் வாங்குவது

பிளாங்க் என்பது படம் ஏறாத வெறும் மக். படத்தைச் சப்ளிமேஷன் மையால் பேப்பரில் அடித்து, அதை மக்கில் சுற்றி, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் படம் மக்குக்கு மாறும். சப்ளிமேஷன் மையில் இருப்பது சூட்டில் வாயுவாகி, மக்கின் மேலிருக்கும் பாலிமர் பூச்சுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் சாயம். பாத்திரக் கடையில் விற்கிற சாதாரணப் பீங்கான் கோப்பையில் அந்தப் பூச்சு இல்லை, அதனால் படம் நிற்காது. பூச்சு சரியில்லாத பிளாங்க்கில் படம் வரும். ஆனால் மங்கும், விளிம்பில் வெளுக்கும்.

ஒவ்வொரு புது லாட்டிலும் (ஒரே தடவையில் வந்த சரக்கிலும்) சிலவற்றை எடுத்து, முழுக் கறுப்பாக ஒரு பட்டை அடித்துப் பாருங்கள். குறை எதுவும் கறுப்பில் ஒளிய முடியாது: வெள்ளைப் புள்ளி, பழுப்பேறல், பூச்சு விட்ட இடம் எல்லாம் தெரிந்துவிடும். லாட் நன்றாக இருந்தால் பெட்டியின் மேல் தேதி எழுதி வையுங்கள். ஒரே ஆர்டருக்குள் இரண்டு லாட்டைக் கலக்காதீர்கள். வெள்ளையிலும் வெள்ளை வித்தியாசம் உண்டு, அது நூறு மக்கை வரிசையாக வைக்கும்போதுதான் கண்ணில் படும்.

இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது மக்கின் சொந்த வெள்ளை. அதனால் நிற மக்கில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மக்கின் நிறத்தில்தான் வரும்.

படி 3: பிரிண்டர், பேப்பர், பிரஸ்

சின்னக் கடைகளில் எப்சன் இன்க் டேங்க் பிரிண்டரில் சப்ளிமேஷன் மை ஊற்றி ஓட்டுவதுதான் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. எப்சன் ஹெட், அதாவது மையைப் பேப்பரில் தெளிக்கும் பகுதி, மையைச் சூடாக்காமல், அழுத்தத்தால் தள்ளுகிறது. சூட்டால் மையைத் தள்ளும் ஹெட்டுக்கு, சூட்டில் ஆவியாகும் சாயம் ஒத்துவராது. ஆனால் புதுப் பிரிண்டரில் முதல் நாளே சப்ளிமேஷன் மை ஊற்றுங்கள். சாதாரண மை ஓடிய பிரிண்டரில் மாற்றி ஊற்றாதீர்கள். மை மாற்றினால் வாரண்டி கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆர்டர் இல்லாத நாளிலும் ஒரு சின்ன நிறப் பட்டை அடித்துவிட்டால் மை வரும் துளையான நாசில் அடைக்காது.

மைக்கும் பேப்பருக்கும் பொருந்துகிற ஐசிசி புரொஃபைலை, அதாவது நிறம் சரியாக வர வழிகாட்டும் ஃபைலை, மை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அடித்தால் முகம் பச்சையாகவோ செம்மண்ணாகவோ வரும், பிறகு ஒவ்வொரு படத்துக்கும் நிறம் திருத்த உட்கார வேண்டியிருக்கும். அதோடு ஆரம்பத்தில் சொன்ன விதி போச்சு. பேப்பரில் நிறம் மங்கலாகத்தான் தெரியும். சூடு பட்ட பிறகே எழும். அதைப் பார்த்துப் பயந்து மையைக் கூட்டாதீர்கள்.

கடலோர ஊர்களில் பேப்பர் ஈரம் இழுக்கும். ஈரப் பேப்பரைப் பிரஸ்ஸில் வைத்தால் நீராவி கிளம்பிப் படத்தில் திட்டு விழும். பாக்கெட்டை மூடி, சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

மக் பிரஸ்ஸுக்குப் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், மூன்று நிமிடத்துக்கு முன்னே பின்னே. உங்கள் பிரஸ்ஸுக்கும் உங்கள் பிளாங்க்குக்கும் சரியான எண் எது என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். யார் பிரஸ்ஸில் நின்றாலும் அதே எண்தான்.

படி 4: படம் வாங்குவது

ஆர்டரின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது. பிரஸ்ஸில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்த மங்கல் படம் தெளிவாகாது.

கணக்கைப் பாருங்கள். மக்கைச் சுற்றி அச்சிடும் பரப்பு சுமார் 20 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 2362 × 1063 பிக்சல். நடைமுறையில் மக்குக்கு 150 டிபிஐ இருந்தாலே கண்ணுக்குக் குறை தெரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை முழு அகலத்துக்கு விரித்தால் 200 டிபிஐ கிடைக்கும், தாராளம். ஆனால் வகுப்பு குரூப் போட்டோவை அனுப்பி 'இரண்டாவது வரிசையில் மூணாவது நிற்பவன்தான் என் பையன்' என்று சொல்வார்கள். அந்த முகம் 300 பிக்சல்கூட இருக்காது. அதை 8 செ.மீ.க்குப் பெரிதாக்கினால் 95 டிபிஐ. கண் மூக்கு எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எனவே ஆர்டர் ஏற்கும்போதே மூன்று நிபந்தனை வையுங்கள். படத்தை டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், அல்லது கூகுள் டிரைவில் போட வேண்டும். ஒருவர் மட்டும் உள்ள படமாக இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் கூடாது. பள்ளி ஆர்டர் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு: ஒரே நாளில், ஒரே சுவருக்கு முன்னால் நிறுத்தி நீங்களே எடுத்துவிடுங்கள். வெளிச்சம், அளவு, பின்னணி எல்லாம் ஒன்றாக இருப்பதால் பின்னால் வரும் வேலையில் பெரும்பகுதி காணாமல் போகும்.

ஃபைலுக்குப் பெயரிடுவதில் அலட்சியம் வேண்டாம். பிள்ளையின் பெயரை ஃபைல் பெயராக வைத்தால் இரண்டு கார்த்திக் வந்ததும் குழப்பம். எண் வையுங்கள், ஆனால் வெறும் 047 என்று வைத்தால் எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். அதனால் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து சேர்த்துவிடுங்கள். ஐபோனிலிருந்து ஹெச்இஐசி ஃபைல் வரும்; எல்லாவற்றையும் ஜேபெக்காக மாற்றி ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

படத்தை டெம்ப்ளேட்டின் அளவுக்கு வெட்டுவது மட்டும் கையால் செய்கிற வேலை. முகம் நடுவில், தலைக்கு மேல் கொஞ்சம் இடம். ஒரு படத்துக்கு அரை நிமிடம் என்றால் இருநூறுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தானியங்கி வெட்டை முழுக்க நம்பாதீர்கள், உயரமான பிள்ளைக்கு நெற்றி போய்விடும்.

படி 5: பெயர்ப் பட்டியலும் தமிழ் ஃபாண்ட் தொல்லையும்

எக்செல்லில் ஐந்து நிரல் போதும்: ஆர்டர் எண், வகுப்பு, அச்சில் வர வேண்டிய பெயர், டெம்ப்ளேட், படத்தின் ஃபைல் பெயர். இந்தப் பட்டியலை டெம்ப்ளேட்டோடு இணைத்தால் இருநூறு டிசைனும் தானாக வந்து நிற்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இதற்கு டேட்டா மெர்ஜ் இருக்கிறது. போட்டோஷாப்பில் வேரியபிள்ஸ், கோரல்டிராவில் பிரிண்ட் மெர்ஜ். படமும் தமிழும் சேர்ந்து வரும் வேலைக்கு இன்டிசைன்தான் என் தேர்வு.

தமிழ்நாட்டு டிசைனிங் கடைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. பல கடைகளில் கோரல்டிராவும் பாமினி போன்ற பழைய ஃபாண்டும்தான் இன்னும் ஓடுகின்றன. அந்த ஃபாண்டில் திரையில் தமிழ் தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். பள்ளியிலிருந்து வரும் பெயர்ப் பட்டியலோ போனில் தட்டிய யூனிகோட், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கிற முறை. இரண்டையும் இணைத்தால் கட்டங்களும் கிறுக்கலும்தான் வரும். டிசைனர் உடனே 'நானே தட்டிவிடுகிறேன்' என்று உட்கார்ந்துவிடுவார். இருநூறு பெயரைத் திரும்பத் தட்டினால் சில தப்பாகத்தான் விழும், தப்பான ஒவ்வொன்றும் வீணான மக்.

தீர்வு, டெம்ப்ளேட்டை யூனிகோட் ஃபாண்டுக்கு மாற்றுவது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பலூ தம்பி பிள்ளைகள் மக்குக்குப் பொருத்தமான குண்டெழுத்து. பிறகு இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'செல்வி' செல்வியாக இருக்காது.

எக்செல்லில் படத்துக்கான நிரலின் தலைப்பு @ குறியுடன் தொடங்க வேண்டும். நேராகத் தட்டினால் எக்செல் அதைச் சூத்திரம் என்று நினைத்துத் தகராறு செய்யும். முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அடங்கிவிடும். சேமிக்கும்போது யூனிகோட் டெக்ஸ்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அந்த டெக்ஸ்ட் ஃபைலும் படங்களும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் பாதை எழுத வேண்டாம், ஃபைல் பெயர் மட்டும் போதும்.

பட்டியலை வகுப்பு வரிசையில் அடுக்கிவிட்டு இணையுங்கள். அச்சாகி வரும்போதே 1-ஏ, 1-பி என்று பிரிந்து வரும். கடைசி நாளில் இருநூறு மக்கைத் தரையில் பரப்பி வகுப்பு பிரிக்கிற வேலை மிச்சம்.

படி 6: ஒப்புதல்

தனி ஆர்டருக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி, 'சரி' என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன 'ஓகே' பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. திருத்தம் இரண்டு முறை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மொத்த ஆர்டரில் இருநூறு பெற்றோருக்கும் மாதிரி அனுப்பினால் முடியவே முடியாது. சின்னப் படமும் கீழே பெயரும் வைத்து, பக்கத்துக்கு இருபது என்று பிடிஎஃப் செய்து பள்ளியில் ஒரே ஒருவரிடம் கொடுங்கள். வகுப்பாசிரியர்கள் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அவர்கள் பார்க்க வேண்டியது முகமும் பெயரும் பொருந்துகிறதா என்பதும் எழுத்துப் பிழையும்தான். ல, ள, ழ, ன, ண, ர, ற, இனிஷியல் முன்னாலா பின்னாலா. சரண்யாவைச் சரன்யா ஆக்கினால் அம்மா திருப்பித் தந்துவிடுவார்.

படி 7: ஷீட் கட்டுவதும் பிரஸ்ஸும்

ஏ4 பேப்பரின் உயரம் 29.7 செ.மீ. 9 செ.மீ. பட்டை மூன்று அடுக்கினால் 27 செ.மீ. ஒரு ஷீட்டில் மூன்று மக். மீதி இடத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஆர்டர் எண்ணைச் சின்னதாக அச்சிடுங்கள். எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அடிக்க வேண்டும் என்பதைப் பிரிண்டர் செட்டிங்கிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஆளின் ஞாபகத்துக்கு விட்டால் ஒருநாள் பெயர் இடவலம் மாறிப் போகும்.

வேகத்தைத் தீர்மானிப்பது பிரிண்டர் இல்லை, பிரஸ். பேப்பர் சுற்றி, டேப் ஒட்டி, அழுத்தி, எடுக்க ஒரு மக்குக்கு நான்கு நிமிடம் என்றால் மணிக்கு 15. இருநூறு மக்குக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு பிரஸ் வைத்துக்கொண்டு 'நாளைக் காலையில் தருகிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு பிரஸ் வைத்தால் ஒருவரே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று சூட்டில் இருக்கும்போது அடுத்ததற்கு டேப் ஒட்டலாம். புதிதாகப் பணம் போடுவதாக இருந்தால் உயர்ந்த பிரிண்டரை விட்டு இரண்டாவது பிரஸ்ஸை வாங்குங்கள்.

மக்கிலிருந்து உரித்த பேப்பரைக் குப்பையில் போட வேண்டாம். ஆறிய பிறகு அதே மக்குக்குள் போட்டு வையுங்கள். அதில் ஆர்டர் எண் இருக்கிறது. பேக்கிங் மேசையில் இருப்பவர் பேப்பரின் எண்ணையும் பெட்டி லேபிளையும் ஒப்பிட்டு மூடலாம். கேமராவோ பார்கோடோ இல்லாத கடைக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

படி 8: சோதனை, பேக்கிங்

இரட்டை நிழல் தெரிந்தால் டேப் தளர்ந்திருக்கிறது. கைப்பிடிப் பக்கம் வெளுத்திருந்தால் அழுத்தம் சீராக இல்லை. முழுவதும் மங்கல் என்றால் சூடோ நேரமோ குறைவு. பழுப்பு ஓடினால் அதிகம். கெட்டுப்போனதை உடனே மறுபடி அடிக்காமல், எண்ணைக் குறித்து வைத்துக் கடைசியில் ஒரே ஷீட்டாகக் கட்டுங்கள். இருநூறுக்கு 210 பிளாங்க் வாங்கினால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

கூரியரில் போகும் மக்குக்கு, பெட்டியின் எல்லாப் பக்கமும் தெர்மோகோல் இருக்கிற பேக்கிங்தான் நல்லது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உடைந்தால் பேக்கிங்கை மாற்றுங்கள்.

படி 9: விலை

பிளாங்க், மை, பேப்பர், பெட்டி என்று கூட்டி மேலே லாபம் வைப்பது பழைய கணக்கு. அதில் டிசைனர் நேரமும் கழிவும் காணாமல் போகின்றன. டிசைனரின் சம்பளம் மணிக்கு 75 ரூபாய் விழுகிறது என்று வையுங்கள். ஒரு மக்குக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தால் 25 ரூபாய். பட்டியலோடு இணைத்துச் செய்தால், வெட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம், இரண்டரை ரூபாய். இருநூறு மக்கில் வித்தியாசம் 4,500 ரூபாய். லாபம் இங்கிருந்துதான் வர வேண்டும்.

இதனால் இரண்டு விலைப்பட்டியல் வையுங்கள். டெம்ப்ளேட்டுக்குள் அடங்கும் ஆர்டர் ஒரு விலை. 'பின்னணியை எடுத்துவிட்டுத் தாஜ்மகால் வையுங்கள்' என்பது வேறு விலை, டிசைன் கட்டணம் தனி. இரண்டாவதை மறுக்க வேண்டாம்; இலவசமாகச் செய்ய வேண்டாம், அவ்வளவே.

படி 10: படம் யாருடையது, எத்தனை நாள் வைத்திருப்பது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. அதனால் தம்பதி தங்கள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தால் சிக்கல் குறைவு. நடிகர் படம், சினிமா போஸ்டர், கார்ட்டூன், கிரிக்கெட் அணி லோகோ எல்லாம் வேறு கதை. ரசிகர் கேட்கிறார் என்று நூறு அடித்து ஆன்லைனில் விற்கக் கிளம்பாதீர்கள்.

பிள்ளைகளின் முகமும் பெயரும் பள்ளியும் சேர்ந்த ஒரு ஃபோல்டர் உங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2023இல் இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் முக்கியம். பள்ளி மூலமாகச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். டெலிவரிக்குப் பின் ஒரு மாதம், மறு ஆர்டருக்காக வைத்திருந்து அழித்துவிடுங்கள். உங்கள் கடையின் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு அந்தப் பிள்ளையின் மக்கைப் போடுவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

படி 11: எப்போது விரிவாக்குவது

பள்ளி ஆண்டு விழாக்கள் ஜனவரி முதல் மார்ச் வரை குவியும், பிப்ரவரி 14க்குத் தனி ஆர்டர்கள் வேறு. தை, வைகாசி, ஆவணியில் கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட். டிசம்பரில் அலுவலகங்கள். இந்த நாட்களில் புது மெஷினும் புதுப் பொருளும் வேண்டாம். ஆடியில் கல்யாணம் இல்லாததால் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். புது டெம்ப்ளேட்டைச் சோதிக்க, பழைய பாமினி ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற, குஷன் கவருக்கான சூடும் நேரமும் கண்டுபிடிக்க அதுதான் சமயம். மக் ஆர்டர் உங்கள் கை இல்லாமலே, கடைப் பையன் மட்டும் பார்த்து முடிகிற நிலைக்கு வந்த பிறகு இரண்டாவது பொருளைத் தொடங்குங்கள்.